பங்காளிப் பட்டம்

நூற்றுக்கு நூறு என்று செய்தி வந்தபோது சின்னவள் கடையில் நின்று வேறு யாருடைய ஆய்வேட்டுக்கோ அட்டை ஒட்டிக்கொண்டிருந்தாள். கடை அப்பாவுடையது. பல்கலைக்கழகத்தின் பின்வாசலுக்கு எதிரே, நகலெடுக்கும் இயந்திரங்கள் இரண்டு, பசை வாளி ஒன்று, காகிதத் தூசியில் ஓயாமல் தும்மும் அக்கா ஒருத்தி. அந்தப் பல்கலைக்கழகம் உலகுக்கு அளித்த அறிவு முழுவதும் இந்தக் கடை வழியாகத்தான் வெளியேறியது.

செய்தி சுருக்கமாக இருந்தது. "உங்கள் ஆய்வேடு: 100%." கீழே பங்காளிப் பல்கலைக்கழகத்தின் முத்திரை.

அப்பா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு கடையில் நின்றவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார். அன்று பகல் முழுக்க இருபக்க நகலை ஒருபக்க விலைக்கே போட்டுக் கொடுத்தார்.

அக்காவுக்கு மட்டும் சந்தேகம். "நூத்துக்கு நூறா? வாய்ப்பாட்டுலயே நீ அவ்ளோ வாங்கினதில்லையேடி."

"வயித்தெரிச்சல்காரி," என்றார் அப்பா.

சாயங்காலம் இரண்டாவது செய்தி வந்தது. நூறு என்பது மதிப்பெண் இல்லை. சின்னவளின் ஆய்வேடு, ஏற்கெனவே உலகத்தில் இருக்கும் இன்னொரு ஆய்வேட்டுடன் நூறு சதவீதம் ஒத்துப்போகிறது. முற்றுப்புள்ளிகள் உட்பட. கருத்துத் திருட்டு விசாரணைக்கு அவள் நேரில் வர வேண்டும்.

"முழுசையுமா சுட்டுட்டே? அங்கங்க கொஞ்சம் மாத்திப் போட்டிருக்கக் கூடாது?" என்றாள் அக்கா.

"நானே எழுதினதுக்கா அது."

"திருடினவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நம்ம கடைக்கு வர்றவங்களைக் கேட்டுப் பாரு."

அப்பா நகல் விலையைப் பழையபடி ஏற்றினார்.

சின்னவள் படித்தது தகவல் தொழில்நுட்பத்தில் பன்னாட்டுக் கூட்டு முதுகலை. முதல் ஆண்டு இந்தப் பல்கலைக்கழகத்தில். இரண்டாம் ஆண்டு கடல் கடந்து, பங்காளிப் பல்கலைக்கழகத்தில். முதல் ஆண்டு முழுக்க மாணவர்கள் கிழக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். இரண்டாம் ஆண்டு தொடங்கிய அன்று பணியாளர் ஒருவர் வந்து நாற்காலிகளை மேற்குச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். அந்தச் சுவரில் ஒரு திரை தொங்கியது. அதற்குப் பெயர் வெளிநாட்டு ஆண்டு. வெளிநாட்டு ஆண்டுக்கு அவளுக்குப் புதிய பதிவு எண், புதிய மின்னஞ்சல், குளிருக்கு எப்படி உடுத்த வேண்டும் என்ற கையேடு எல்லாம் கிடைத்தன. வகுப்பறையில் மின்விசிறி வேலை செய்யவில்லை.

ஆய்வேட்டை மட்டும் அவள் மனம் ஒன்றி எழுதியிருந்தாள். மருத்துவமனைகளில் ஒரே நோயாளியின் பெயர் இரண்டு மூன்று விதமாகப் பதிவாகிவிடுகிறது. அந்த இரண்டு மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று கணினியே கண்டுபிடிக்க ஒரு வழி. அதைப் படித்துப் பார்த்த பெரிய மருத்துவமனை ஒன்று, கணினிப் பிரிவில் வேலை தருவதாகக் கூப்பிட்டிருந்தது. அடுத்த மாதம் முதல் நாள் பட்டத்தோடு வர வேண்டும். வராவிட்டால் வரிசையில் அடுத்தவர். அவளுக்குத் தெரிந்து அவள் வாழ்க்கையில் காகிதத் தூசி இல்லாத ஒரே அறை அதுதான்.

மறுநாள் அவள் பன்னாட்டு உறவுகள் இயக்ககத்துக்குப் போனாள். வாசலில் "பங்காளிகளை வரவேற்கிறோம்" என்று பலகை. அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைத்து நெடுநாள் யோசித்திருந்தார்கள். கூட்டாளி என்றால் திருட்டு வழக்கில் இன்னும் பிடிபடாதவன் போலிருக்கிறது. துணை என்றால் கல்யாணப் பேச்சு போலிருக்கிறது. ஆகவே பங்காளி. சொத்துத் தகராறு வந்தால் மட்டுமே ஒருவரை ஒருவர் நினைத்துக்கொள்கிற உறவு அது என்பதைக் குழுவுக்கு யாரும் நினைவூட்டவில்லை. குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் அப்பாவுக்கு ஒரே பிள்ளையாக இருந்திருக்கலாம்.

உள்ளே சுவரில் மூன்று கடிகாரங்கள். ஒன்று இங்கத்திய நேரம். இன்னொன்று அங்கத்திய நேரம். நடுவில் இருந்த பெரிய கடிகாரத்தின் கீழே "கூட்டு நேரம்" என்று எழுதியிருந்தது. இரண்டு நேரங்களையும் கூட்டி இரண்டால் வகுத்து, இரு தரப்பும் விட்டுக்கொடுத்து ஒப்புக்கொண்ட நேரம் அது. உலகத்தில் அந்த நேரம் நடுக்கடலில் மட்டும்தான் நடப்பிலிருந்தது. கூட்டங்கள் எல்லாம் அந்த நேரப்படிதான் நடந்தன. அதனால் இயக்ககத்தில் எல்லாரும் எப்போதும் எதற்கோ முந்தியோ பிந்தியோ ஓடிக்கொண்டிருந்தார்கள்.

ஒருங்கிணைப்பாளர் அம்மா அன்பானவர். "வாம்மா, உக்காரு. நல்ல சேதிதான். எங்கேருந்து திருடினதுன்னு கண்டுபிடிச்சுட்டாங்க. நம்ம நூலகத்துலேருந்துதான்."

"மேடம், அது என்னோடது. ரெண்டு இடத்துலயும் ஒரே ஆய்வேட்டைத்தான் குடுக்கணும்னு விதி. இங்க ஏத்தினேன், அங்கயும் ஏத்தினேன்."

"ஷ்!" அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அப்படி வெளியில சொல்லிடாதே. இங்க ஏத்தினது இங்க படிக்கிற பொண்ணு. அங்க ஏத்தினது அங்க படிக்கிற பொண்ணு. ரெண்டும் ஒரே ஆளுன்னா, ஒருத்தியே ஒரே சமயத்துல ரெண்டு பல்கலைக்கழகத்துல முழுநேர மாணவியா இருந்திருக்கான்னு ஆகும். அது திருட்டைவிடப் பெரிய குத்தம்மா."

"கூட்டுப் பட்டம்னாலே அதுதானே மேடம்?"

"கூட்டுன்னா ரெண்டு வேணும்ல? ஒத்தையா வந்து நின்னுக்கிட்டு கூட்டு கேக்கறியே."

"அப்போ நான் யாரு மேடம்?"

"இப்ப இங்க உக்காந்திருக்கே இல்ல? அதனால நீ இங்கத்திய பொண்ணு. உன் ஆய்வேட்டைத்தான் அவ திருடியிருக்கா. உனக்கு ஒரு பயமும் இல்ல." அவர் பெருமூச்சு விட்டார். "அவளை நினைச்சாத்தான் பாவமா இருக்கு. தங்கமான பொண்ணு. மின்னஞ்சல்ல எவ்ளோ மரியாதையா எழுதுவா தெரியுமா? உன்னை மாதிரி நேர்ல வந்து நின்னு கேள்வி கேக்க மாட்டா."

வழி ஒன்றிருந்தது. பாதிக்கப்பட்டவள் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். சின்னவள் அங்கேயே போட்டுக் கொடுத்தாள். திருடியவள் மன்னிப்புக் கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும் என்று அங்கிருந்து கேட்டார்கள். அதையும் போட்டு அனுப்பினாள். இரண்டு நாளில் பதில் வந்தது. இரண்டு கையெழுத்துகளும் அச்சு அசலாக இருக்கின்றன. அந்தப் பெண் இந்தப் பெண்ணின் கையெழுத்தையும் திருடியிருக்கிறாள். குற்றங்கள் இப்போது இரண்டு.

"ஒண்ணை இடது கையால போட்டிருக்கலாம்ல?" என்றாள் அக்கா. "திருடத் தெரிஞ்ச அளவுக்கு உனக்குப் பொழைக்கத் தெரியலடி."

மருத்துவமனையின் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் பேசினார். "மேம், பட்டம் கைக்கு வந்துருச்சா?" வந்துகொண்டே இருக்கிறது என்றாள் சின்னவள். அதன் பிறகு அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நின்றபடி சாப்பிட்டாள். பேருந்தில் இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆய்வேட்டை மாற்றி எழுதிவிடுவது என்று முடிவு செய்தாள். கடையில் கூட்டம் இல்லாத வேளைகளில் அக்கா சொல் எடுத்துக் கொடுத்தாள். நோயாளி என்ற இடத்தில் "உடம்புக்கு முடியாதவர்". கணினி என்ற இடத்தில் "அந்தப் பெட்டி". "தரவுத்தளத்தில் இருமுறை பதிவான நோயாளியைக் கணினி இனங்காணும்" என்ற வாக்கியம், "உடம்புக்கு முடியாத ஒருவர் ரெண்டு பேராக உட்கார்ந்திருந்தால் அந்தப் பெட்டி விடாது" என்று ஆனது. அதை அங்கே ஏற்றினாள். ஒற்றுமை சதவீதம் சரசரவென்று இறங்கியது. சின்னவள் ஒரு பகல் முழுக்க மூச்சு விட்டாள்.

மறுநாள் இங்கிருந்து செய்தி. இரு தரப்பு ஆய்வேடுகளும் ஒன்றேதானா என்று சோதிக்க இயக்ககம் வேறொரு மென்பொருள் வைத்திருந்தது. இரண்டும் ஒன்றுபோல் இல்லை என்று அது கண்டுபிடித்துவிட்டது. ஒத்திருந்தால் அங்கே குற்றம். ஒத்திராவிட்டால் இங்கே குற்றம். இரண்டு மென்பொருள்களையும் விற்றவர் ஒருவரே என்றும், இரண்டும் நன்றாக வேலை செய்வதாகவும் ஒருங்கிணைப்பாளர் அம்மா பெருமையாகச் சொன்னார்.

இனிக் கூட்டு விசாரணைக் குழுதான்.

குழு கூட்டு நேரப்படி கூடியது. இங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. நீள மேசையின் தலைப்பக்கத்தில் இயக்குநர். எதிரே திரையில் பங்காளிப் பல்கலைக்கழகத்தின் இயக்குநர். இணையம் மெதுவாக இருந்ததால் அவருடைய பதில் எப்போதும் ஒரு கேள்வி பிந்தி வந்தது. மேசையின் இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் "பாதிக்கப்பட்டவர்" என்று அட்டை. இன்னொன்றில் "குற்றம் சாட்டப்பட்டவர்".

இயக்குநர் அவளைப் பார்த்துக் கனிவாக, "காப்பி?" என்று கேட்டார்.

"சத்தியமா இல்ல சார்," என்றாள் சின்னவள். "எல்லாம் நானே எழுதினது."

பணியாளர் கோப்பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னுரை வழங்கினார். "இந்தக் கூட்டுப் படிப்பை ஆரம்பிச்சப்போ எங்ககிட்ட பாடத்திட்டம் இல்ல. ஆசிரியர் இல்ல. கணினிகூட இரவல்தான். இருந்தது ஒண்ணே ஒண்ணு: ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடற விழா. அதை இங்க ஒரு தடவை நடத்தினோம். அங்க போயி மூணு தடவை நடத்தினோம். அங்க கடற்கரை ரொம்பச் சுத்தம். அப்பத்தான் எனக்கு ஒண்ணு புரிஞ்சுது. அறிவுக்கு எல்லையே கிடையாது. பயணப்படிக்குத்தான் எல்லை போட்டு வெச்சிருக்காங்க." குரல் தழுதழுத்தது. "அப்பேர்ப்பட்ட உறவுல இப்படி ஒரு களங்கம்."

"எங்களுக்கும் காப்பி வேண்டும்," என்றார் திரையில் இருந்தவர்.

முதலில் பாதிக்கப்பட்டவரை விசாரித்தார்கள். சின்னவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். திருட்டுப் போனதும் மனசு எப்படி இருந்தது என்று கேட்டார்கள். தூக்கம் வரவில்லை என்றாள். பிறகு குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்தார்கள். எழுந்து அடுத்த நாற்காலிக்குப் போனாள். திருடிய பிறகு மனசு எப்படி இருந்தது என்று கேட்டார்கள். தூக்கம் வரவில்லை என்றாள்.

"பாருங்க, வார்த்தைகூட அவளுதையே சொல்றா," என்றார் இயக்குநர் வேதனையோடு.

மன்னிப்பை முகத்துக்கு முகம் பார்த்துக் கேட்க வேண்டும் என்றார் ஒருங்கிணைப்பாளர் அம்மா. சின்னவள் காலி நாற்காலியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு ஓடிப்போய் அதில் உட்கார்ந்து, பரவாயில்லை என்றாள். திரும்ப இங்கே ஓடிவந்து நன்றி சொன்னாள். மூச்சிரைத்தது. இருவரும் ஒரே மாதிரி உடை உடுத்தி வந்திருப்பது நல்லிணக்கத்தின் அடையாளம் என்று குறித்துக்கொண்டார்கள்.

முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தபோதுதான் திரையில் இருந்தவர் ஒரு தேதியைப் படித்தார். மாற்றி எழுதாத அசல் ஆய்வேடு இங்கே ஏறியது செவ்வாய்க்கிழமை. அங்கே ஏறியது திங்கட்கிழமை.

சின்னவள் இங்கே காலையில் ஏற்றிவிட்டு, கையோடு அங்கேயும் ஏற்றியிருந்தாள். அங்கே அப்போது இன்னும் திங்கட்கிழமை முடிந்திருக்கவில்லை.

"அப்படியானால் எங்களுடையதுதான் முதலில் வந்தது," என்றார் திரையில் இருந்தவர். "எங்கள் மாணவி பாதிக்கப்பட்டவர். உங்கள் மாணவிதான் திருடி."

இயக்குநர் எழுந்தே விட்டார். "யாரைப் பாத்து என்ன சொல்றீங்க? எங்க பொண்ணு ஈ எறும்புக்கு துரோகம் நினைக்காதவ! உங்க பொண்ணு யோக்கியதை எங்களுக்குத் தெரியாதா? கையெழுத்துத் திருடி!"

"அறிவைப் பகிர்ந்தோம். திருட்டைப் பகிர மாட்டோம்."

"கடற்கரையில பாத்த பாசமா இது?"

பங்காளிகளுக்கு அந்தச் சொல் அன்றுதான் முழுமையாகப் பொருந்தியது. இயக்குநர் அவளைப் பாதிக்கப்பட்டவர் நாற்காலிக்குப் போகச் சொன்னார். திரையில் இருந்தவர் குற்றம் சாட்டப்பட்டவர் நாற்காலிக்குப் போகச் சொன்னார். நான்கைந்து முறை போய் வந்த பிறகு சின்னவள் இரண்டுக்கும் நடுவில் நின்றுவிட்டாள்.

"நான் ஒருத்திதான் சார்," என்றாள்.

திரையில் இருந்தவர்கூட இந்த முறை பிந்தவில்லை. உடனே வாயை மூடிக்கொண்டார்.

"நான் இந்த ஊரை விட்டு எங்கயும் போனதில்ல. நாற்காலியைத்தான் திருப்பிப் போட்டாங்க. நான் ஒரே ஒரு ஆளு."

இயக்குநர் மெல்ல உட்கார்ந்தார். குரல் மாறியிருந்தது. "அம்மாடி, யோசிச்சுப் பேசு. இந்தப் படிப்புல இங்க நாப்பது பேரு. அங்க நாப்பது பேரு. எண்பது பேருன்னு சொல்லித்தான் அங்கீகாரமே வாங்கியிருக்கோம். நீ ஒருத்திதான்னா, மத்தவங்களும் ஒவ்வொருத்தர்தான்னு ஆகும். மிச்சம் நாப்பது பேரு எங்க போவாங்க?" அவர் கண்களில் நீர் தளும்பியது. "நாப்பது பிள்ளைங்களோட எதிர்காலம்மா."

"நாற்பது பிள்ளைகள்," என்றார் திரையில் இருந்தவர், கைக்குட்டையை எடுத்தபடி. அந்தப் படிப்பின் வரலாற்றில் இரு தரப்பும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

ஒத்துப்போனதும் வேலை மளமளவென்று நடந்தது. திருட்டே நடக்கவில்லை. இரண்டு மாணவிகள் சேர்ந்து எழுதிய கூட்டு ஆய்வேடு அது. சேர்ந்து எழுதினால் ஒத்துத்தானே இருக்கும்? பட்டமும் இருவருக்கும் கூட்டாக. பாக்கி இருப்பது ஒன்றுதான்.

"நீங்க ரெண்டு பேருன்னு நீ ஒத்துக்கணும். ஒரு வார்த்தை. பட்டத்தை இன்னைக்கே கையில குடுத்துடறேன்."

அவள் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. மருத்துவமனை. நாளைக்கு முதல் தேதி. சின்னவள் திரையைப் பார்த்தாள், நாற்காலிகளைப் பார்த்தாள். உட்கார வேண்டும்போல் இருந்தது. எதிலாவது ஒன்றில்.

"ரெண்டு பேர்தான் சார்," என்றாள்.

எல்லாரும் கைதட்டினார்கள். ஒருங்கிணைப்பாளர் அம்மா கட்டிக்கொண்டு, "அவளையும் நான் விசாரிச்சதா சொல்லும்மா," என்றார்.

பட்டம் கெட்டித் தாளில், இரண்டு முத்திரைகளோடு இருந்தது. சின்னவளின் பெயருக்குப் பிறகு, "இவருக்கும் மற்றொருவருக்கும் கூட்டாக வழங்கப்படுகிறது" என்று பொன் எழுத்தில் போட்டிருந்தார்கள். அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போடுவதற்கு அளவெடுத்தார். "இன்னொருத்தி யாருடி?" என்றாள் அக்கா. "விடுக்கா, காகிதத்துலதானே," என்றாள் சின்னவள்.

மறுநாள் காலை மருத்துவமனையில் மனிதவளப் பெண்மணி அதை நிதானமாகப் படித்தார். சுத்தமான அறை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் சின்னவளுக்காக ஒரு மேசை, ஒரு கணினி, சக்கரம் வைத்த நாற்காலி.

"கூட்டுன்னு போட்டிருக்கே. மத்தவங்க எங்க மேம்?"

"அவங்க... வரலை."

"பட்டத்துல உள்ள எல்லாரும் நேர்ல வந்து முகத்தைக் காட்டணும். விதி அப்படி. இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள அவங்களைக் கூட்டிட்டு வாங்க. இல்லன்னா அடுத்தவரைக் கூப்பிட்டுருவோம். தப்பா எடுத்துக்காதீங்க."

சின்னவள் யோசிக்கவில்லை. யோசிக்கத் தேவையில்லாத அளவுக்கு அவளுக்குப் பழகிவிட்டது. "கிளம்பிட்டா மேம். வந்துட்டே இருக்கா," என்று சொல்லிவிட்டு, பட்டத்தை அவரிடமே விட்டு வெளியே ஓடினாள்.

வீட்டுக்கு வந்து அக்காவின் பூப்போட்ட சட்டையை மாட்டிக்கொண்டாள். வகிட்டை மறுபக்கம் எடுத்தாள். அப்பாவின் பழைய கண்ணாடியைப் போட்டதும் நிலைக்கண்ணாடியில் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. பரவாயில்லை, மரியாதையான பெண்ணாகத்தான் தெரிந்தாள். "நமஸ்காரங்க," என்று பணிவாகச் சொல்லிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னால் சரியாக இருக்கும்.

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது.

"மேம், அவங்க வந்துட்டாங்க," என்றார் மனிதவளப் பெண்மணி.

"யாரு?"

"உங்க மத்தவங்கதான். நீங்க கிளம்பின கொஞ்ச நேரத்துலயே வந்துட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே ஜாடையா இருக்கீங்களே! உக்காந்து வேலையே ஆரம்பிச்சுட்டாங்க. எங்க சாருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஒரு கேள்வி கேக்கலை பாருங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "விஷயம் என்னன்னா, இடம் ஒண்ணுதான் இருக்கு. ஒருத்தர் இருந்தா போதும்னு சார் சொல்லிட்டாரு. நீங்க வர வேண்டாம் மேம். பட்டம் அவங்ககிட்டயே இருக்கட்டும்."

தொலைபேசிக்குள் எங்கோ விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. வேகமான, தடுமாறாத விரல்கள்.

"இருங்க, அவங்க உங்ககிட்ட என்னவோ சொல்லணுமாம்."

தட்டும் சத்தம் நின்றது. சக்கரம் வைத்த நாற்காலி நகர்ந்தது. பிறகு ஒரு குரல், மிகவும் பணிவாக, "ரொம்ப நன்றிங்க," என்றது.

அக்கா கையில் பசையோடு உள்ளே வந்தாள். தங்கையின் கோலத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"என் சட்டையைப் போட்டுக்கிட்டு எங்கடி கிளம்பிட்டே? யாரு போன்ல?"

"நான்தான்க்கா," என்றாள் சின்னவள்.